கை கட்டிய வகுப்பும் காந்தம் பிடித்த கையும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் தோல் தொழிலால் பிழைக்கும் ஊர்களில், ஒரு குழந்தை காந்தத்தை முதன்முதலில் எங்கே தொடுகிறது? நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் தெருவில் என்றுதான் பதில் வந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் காந்தம் இருந்தது. ஆனால் அது வாத்தியார் கையில் இருந்தது. இன்று அரசுப் பள்ளியிலும் பிள்ளையின் கைக்குக் காந்தம் வரத் தொடங்கியிருக்கிறது. மேசையிலிருந்து பிள்ளையின் உள்ளங்கைக்கு அது வந்து சேர ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. அந்தப் பயணத்தில் இந்த ஊர்கள் அடங்கிய பழைய வேலூர் மாவட்டத்துக்குத் தனிப் பங்கு உண்டு என்பது இங்குள்ளவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

பூட்டிய பெட்டி

1987-ல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தொடக்கப் பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அவற்றோடு கற்பித்தல் கருவிகள் என்பது அதன் நோக்கம். கருவிகளில் அறிவியல் பெட்டியும் ஒன்று. பல பள்ளிகளில் அந்தப் பெட்டி வந்த கையோடு பீரோவுக்குள் போனது. ஒரு பொருள் தொலைந்தாலும் இருப்புப் பதிவேட்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். தணிக்கையில் மாட்டிக்கொள்பவர் தலைமை ஆசிரியர். உடைந்துபோவதைவிடப் பூட்டி வைப்பதே மேல் என்று அவர்கள் நினைத்ததைக் குற்றம் சொல்ல முடியாது. ஐந்து வகுப்புக்கும் ஒருவரோ இருவரோதான் ஆசிரியர் என்ற நிலையில், ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரு காந்தத்தை எப்படிக் கொடுப்பது?

ஆகவே பாடம் ஒரே மாதிரிதான் நடந்தது. பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியர் சிவப்பு வண்ணம் பூசிய சட்ட காந்தத்தை எடுத்துக் குண்டூசிக் குவியலுக்கு மேல் காட்டுவார். நாலைந்து குண்டூசி தொற்றிக்கொள்ளும். முன் வரிசைக்குத் தெரியும். பின் வரிசைக்கு ஆசிரியரின் முதுகு தெரியும். பிறகு கரும்பலகையில் இரண்டு வரி: ஒத்த துருவங்கள் விலக்கும், எதிரெதிர்த் துருவங்கள் ஈர்க்கும். பிள்ளைகள் அதை மூன்று முறை சேர்ந்து சொல்வார்கள். பரீட்சையில் எழுதுவார்கள். இரண்டு காந்தங்களின் ஒத்த முனைகளை நெருக்கும்போது விரலுக்கு நடுவே ஏற்படும் அந்த வழுக்கல், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கையைத் தள்ளும் அந்த உணர்வு, பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கவே இல்லை.

பீரோவுக்குள் வைத்த காந்தமும் நெடுநாள் தாங்கவில்லை. சட்ட காந்தங்களை ஜோடி சேர்த்து, எதிரெதிர் முனைகள் பக்கத்தில் பக்கத்தில் வரும்படி அடுக்கி, இரு கோடியிலும் தேனிரும்புத் துண்டு வைத்துப் பாதுகாக்க வேண்டும். அந்தத் துண்டுகள் காணாமல் போனால், கீழே போட்டால், தட்டினால், சூடுபட்டால் காந்தத்தன்மை குறைந்துகொண்டே போகும். பத்து வருடம் கழித்து வெளியே எடுத்தபோது ஒரு குண்டூசியைத் தூக்கவும் தெம்பில்லாத காந்தங்கள் பல பள்ளிகளில் இருந்தன. தொடாமல் காப்பாற்றிய பொருள் தானாகவே செத்துப்போயிருந்தது.

தெருவில் நடந்த பாடம்

உண்மையான காந்தப் பாடம் பள்ளிக்கு வெளியே நடந்தது. பழுதான ரேடியோ ஸ்பீக்கரை உடைத்தால் கறுப்பு வட்டக் காந்தம் கிடைக்கும். அதை வைத்திருந்த பையன் தெருவுக்கே ராஜா. நூலில் கட்டிப் புழுதியில் இழுத்துக்கொண்டு ஓடினால் ஆணி, பிளேடுத் துண்டு, சைக்கிள் பால்ஸ் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். பாலாற்று மணலில் புரட்டி எடுத்தால் கறுப்புத் தூள் மீசை முளைத்தது போல ஒட்டியிருக்கும். அந்தத் தூளைத் தாளில் உதறி, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால் தூள் எழுந்து நின்று ஊர்வலம் போகும்.

அந்தக் கறுப்புத் தூளில் இருப்பது மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமம். இதே கனிமம், 1989 வரை இந்த ஊர்களோடு வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலையின் கவுத்திமலையில் பாறைப் படிவமாகவே இருக்கிறது. சித்த வைத்தியத்தில் இரத்தச் சோகைக்குத் தரும் காந்தச் செந்தூரம் என்ற மருந்தும் காந்தக் கல்லிலிருந்து வருவதுதான். ஆற்று மணல், மலைப் பாறை, வைத்தியர் கொடுக்கும் மருந்து எல்லாம் ஒரே கனிமத்தில் வந்து சேர்கின்றன என்பதைச் சொல்லிக்கொடுக்க அன்று ஆள் இல்லை. பாடநூலும் பாலாறும் அரை மைல் தொலைவில் இருந்தும் சந்தித்துக்கொள்ளவில்லை.

இந்தத் தெருப் பாடமும் எல்லாருக்கும் கிடைத்ததில்லை. ஆற்றுக்கும் பட்டறைக்கும் போய்வரும் சுதந்திரம் ஆண் பிள்ளைகளுக்கு இருந்தது. பெண் பிள்ளைகள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார்கள்.

முன்பணத்துக்குப் போன கைகள்

அன்றைய கதையின் கனமான பகுதி இதற்கும் அப்பால் இருக்கிறது. தோலோடு பீடியும் இந்த வட்டாரத்தின் தொழில். குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர்ப் பகுதிகளில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் பீடி வேலையில் கட்டுண்டு கிடந்தார்கள். சுற்றிய பீடியின் முனையை மடக்கி அடைக்கும் வேலைக்குச் சின்ன விரல்கள்தான் தோதானவை என்பது முதலாளிகளின் கணக்கு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்தது. ஆனாலும் 1990-களில் வட ஆற்காட்டின் பீடிக் குழந்தைகளின் நிலை உலக அளவில் மனித உரிமை அறிக்கைகளில் எழுதப்படும் அளவுக்கு இருந்தது.

அந்தக் காலத்தில் வேலூரில் மாவட்ட ஆட்சியராக இருந்தவர் எம்.பி.விஜயகுமார். கொத்தடிமையிலிருந்து மீட்ட குழந்தைகளைச் சிறப்புப் பள்ளிகளில் சேர்த்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்காரவைத்துக் கை கட்டச் சொன்னால் இருக்காது. நாள் முழுக்க வேலை செய்து பழகிய கை அது. செய்துதான் கற்கும்.

அதற்கான விடை அரை நாள் பயணத் தொலைவில் இருந்தது. மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ரிஷிவேலி பள்ளியில், பத்மநாப ராவும் ரமாவும் கிராமத்துப் பள்ளிகளுக்காக அட்டைகளைக் கொண்டு ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணிப்படி போல அட்டைக்கு அட்டை ஏறும். இந்தப் பாதைக்கு முன்னோடி, ரிஷிவேலியில் பணியாற்றிவிட்டு 1972-ல் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் பள்ளியைத் தொடங்கிய டேவிட் ஹார்ஸ்பரோ. விஜயகுமார் பிறகு சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003-ல் இந்த முறை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. 2007-08 கல்வியாண்டில் அது செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழகத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது.

பெஞ்சு வெளியே போனது. பாய் உள்ளே வந்தது. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை வந்தது. அலமாரிக்குப் பூட்டு போய், பிள்ளையே அட்டையை எடுத்து, முடித்து, திரும்ப வைக்கலாம் என்றானது. குறைகள் இருந்தன: அட்டை கிழிந்தால் புதியது வரத் தாமதமாகும், அட்டையை நிரப்புவதே படிப்பு என்று சுருங்கிய வகுப்புகளும் உண்டு. ஆனாலும், பொருளைப் பிள்ளை தொடலாம் என்பது அரசுப் பள்ளியில் விதியாக எழுதப்பட்டது அப்போதுதான். முன்பணத்துக்கு விற்கப்பட்ட விரல்களைப் பார்த்து மனம் கலங்கிய ஒரு மாவட்டத்தின் அனுபவம், மாநிலத்தின் வகுப்பறையையே மாற்றியது. வேலூர்க்காரர்கள் இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டும்.

இன்று

அரசுக்கு வெளியிலும் பலர் இதே வேலையைச் செய்துவந்தார்கள். 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், குப்பையில் கிடக்கும் பொருளைக் கொண்டே அறிவியல் சொல்லித்தரும் பழக்கத்தை ஆசிரியர்களிடம் பரப்பியது. அதன் ‘துளிர்’ இதழ் 1987 முதல் வருகிறது. வட்டக் காந்தங்களின் மேல் பென்சிலை அந்தரத்தில் நிறுத்திக் காட்டிய அரவிந்த் குப்தாவின் பொம்மைகள் இந்தியா முழுக்கப் போயின. ஜோலார்பேட்டையிலிருந்து பங்காருபேட்டை போகும் ரயில் பாதையில் இருக்கிறது குப்பம். அங்கே வளாகம் வைத்திருக்கும், 1999-ல் தொடங்கிய அகஸ்தியா அறக்கட்டளையின் வேன்கள், செய்முறைக் கருவிகளோடு கிராமப் பள்ளிகளுக்குப் போகின்றன. வேலூர் சத்துவாச்சாரியில் மாவட்ட அறிவியல் மையமும் இருக்கிறது.

2018-ல் வந்த புதிய ஆறாம் வகுப்பு அறிவியல் நூலில் காந்தவியலுக்குத் தனிப் பாடம் இருக்கிறது. செய்து பார்க்கச் செயல்பாடுகளும் உண்டு. 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த வானவில் மன்றம், 13,210 அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. கருத்தாளர்கள் கருவிகளோடு பள்ளிக்கே வந்து, பிள்ளைகளோடு சேர்ந்து பரிசோதனை செய்கிறார்கள்.

காந்தமும் எங்கும் வந்துவிட்டது. 1980-களில் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம் காந்தம், நகத்தளவில் இருந்துகொண்டு பழைய சட்ட காந்தத்தைத் தோற்கடிக்கிறது. செல்போன் உறையில், இயர்போன் பெட்டியில், பிரிட்ஜ் கதவில், ஆம்பூரில் தைக்கும் கைப்பையின் பொத்தானில் எல்லாம் காந்தம். சில்லறைக் காசும் மாறிவிட்டது. அன்று பையன்களின் சட்டைப் பையில் இருந்த அலுமினிய ஐந்து பைசா, பத்து பைசாவும், செம்பும் நிக்கலும் கலந்த ஒரு ரூபாயும் காந்தத்தில் ஒட்டாது. 1992 முதல் ஒரு ரூபாய்க் காசு துருப்பிடிக்காத எஃகில் வருகிறது, அது ஒட்டும். இன்றைய ஐந்து ரூபாய் ஒட்டாது. பெட்டிக்கடைச் சில்லறையே ஒரு பாடப் பெட்டி.

ஆனால் தெருப் பாடம் போய்விட்டது. ஸ்பீக்கரை உடைத்துப் பார்க்கும் பிள்ளை இல்லை. தோல் கழிவால் பாலாறு கெட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல் ஆனது. எனினும் மணல் அள்ளிக் குழி விழுந்த ஆற்றில் விளையாடிவிட்டு வா என்று இன்று எந்தத் தாயும் அனுப்புவதில்லை. அன்று தெரு கொடுத்ததை இன்று பள்ளிதான் கொடுத்தாக வேண்டும்.

ஒரு வகுப்பு எப்படி இருக்க வேண்டும்

இந்த ஊருக்கு ஏற்ற காந்தப் பாடத்துக்குக் கடையில் வாங்க வேண்டியது வட்டக் காந்தம் மட்டுமே. மற்றதெல்லாம் ஷூ கம்பெனியில் மிஞ்சுகிறது: தோல் துண்டு, பக்கிள், ஐலெட், ஜிப், ரிவெட், சோலுக்குள் வைக்கும் எஃகுப் பட்டையான ஷாங்க். ஒரு தட்டில் இவற்றைக் கொட்டி, காசும் எவர்சில்வர் ஸ்பூனும் சேர்த்து, இரண்டு பிள்ளைக்கு ஒரு காந்தம் கொடுக்க வேண்டும். காந்தம் வைப்பதற்கு முன், எது ஒட்டும், எது ஒட்டாது என்று ஊகித்து இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். பளபளப்பதெல்லாம் ஒட்டும் என்பது ஏழு வயதின் பொதுவான தீர்மானம்.

பிறகு காந்தம் வேலையைத் தொடங்கும். கனமான, வெள்ளி நிறப் பக்கிளை எடுத்து வைக்கிறாள் ஒரு சிறுமி. ஒட்டவில்லை. திருப்பி வைக்கிறாள். துடைத்து வைக்கிறாள். “இரும்பு மாரிதான கீது டீச்சர், ஏன் ஒட்டல?” அந்தப் பக்கிள் துத்தநாகக் கலவையில் வார்த்தது. அடுத்து, பித்தளை நிறத்தில் மின்னும் ஐலெட் டக்கென்று ஒட்டிக்கொள்கிறது. உள்ளே இரும்பு, மேலே முலாம். நிறத்தை நம்ப முடியாது, சோதித்துத்தான் சொல்ல வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைக்கு இனி யாரும் மனப்பாடம் செய்யவைக்க வேண்டியதில்லை. இந்த இடத்தில் ஆசிரியர் விடையை உடனே சொல்லாமல் இருக்க வேண்டும். “வேற பக்கிள் இருந்தா வெச்சுப் பாரேன்” என்ற ஒரு வாக்கியம் போதும்.

அடுத்த கேள்வி: தோல் வழியாகக் காந்தம் வேலை செய்யுமா? ஒரு துண்டுத் தோலின் அடியில் காந்தம், மேலே குண்டூசி. அசைகிறது. இரண்டு துண்டு, மூன்று துண்டு என்று அடுக்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் குண்டூசி கேட்க மறுக்கும். எத்தனையாவது துண்டில் என்பதை ஒவ்வொரு ஜோடியும் எழுதிவைக்கும். ஒரு ஜோடிக்கு ஐந்து வரும், இன்னொன்றுக்கு எட்டு வரும். ஏன் வேறுபட்டது? தோலின் கனமா, காந்தத்தின் பலமா? இரண்டு வரிசைகளுக்கு நடுவே எழும் இந்த வாக்குவாதம்தான் அறிவியல்.

வீட்டுச் சமையலறையிலும் பாடம் உண்டு. பூண்டைத் தேய்த்தால் காந்தம் வலுவிழந்துவிடும் என்று ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவந்தார்கள், படித்தவர்களும் நம்பினார்கள். 1589-ல் இத்தாலியின் டெல்லா போர்ட்டா சோதித்துப் பார்த்து அதைப் பொய் என்றார். 1600-ல் காந்தத்தைப் பற்றி நூல் எழுதிய இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட்டும் அதைத் தள்ளினார். ஆம்பூரில் பூண்டுக்கா பஞ்சம்? ஒரு பல் பூண்டும் ஒரு காந்தமும் இருந்தால், பெரிய பெரிய பண்டிதர்கள் செய்யத் தவறியதை இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் செய்துவிடும்.

கடைசியாகத் தையல் ஊசி. காந்தத்தின் ஒரே முனையால், ஒரே திசையில் முப்பது நாற்பது தடவை தேய்த்து, தெர்மாகோல் துண்டில் குத்தி, தண்ணீர்க் கிண்ணத்தில் மிதக்கவிட்டால் ஊசி மெல்லத் திரும்பி வடக்கு தெற்காக நிற்கும். ஆம்பூரில் அதன் தென்முனை ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் நடுவே காட்டும். வீட்டு மாடியிலிருந்து பார்க்கும் மலை, பாடத்துக்குள் வந்துவிடுகிறது.

இன்னும் வராதது

வானவில் மன்றம் ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது. 2022 ஜூன் 13 அன்று தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், கொரோனா காலத்தில் விட்டுப்போன வாசிப்பையும் கணக்கையும் மீட்கச் சின்ன வகுப்புகளுக்கு வந்தது. அது அவசியம்தான். ஆனால் எல்லாவற்றையும் தொட்டு, திருப்பி, ஏன் என்று கேட்கும் வயது ஐந்திலிருந்து பத்து. ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள் பாதிப் பிள்ளைகள், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வாயை மூடக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். காந்தம் அதற்கு முன்பே கைக்கு வர வேண்டும். தமிழ்வழி, உருதுவழி என்று இரண்டு மொழிகளில் படிக்கும் இந்த ஊர்களில் காந்தத்துக்கு மொழிச் சிக்கலும் இல்லை.

பெற்றோரைப் பள்ளி இன்னும் கண்டுகொள்ளவில்லை. ஷூ கம்பெனியில் தைக்கும்போது ஊசி முறிந்தால், உடைந்த துண்டு முழுவதும் கிடைக்கும் வரை காந்தத்தை வைத்துத் தேடுவார்கள். ஏற்றுமதிக்குப் போகும் காலணிக்குள் ஒரு துணுக்கும் தங்கக் கூடாது. தையல் மெஷினில் தையல் நேராக ஓடக் காந்தக் கைடு வைத்துத் தைக்கும் பெண்கள் உண்டு. நாள்தோறும் காந்தத்தோடு வேலை செய்யும் அந்த அம்மாக்கள், பள்ளிக்கூட வாசலில் தங்களைப் படிக்காதவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட அழைக்கும் அவர்களை, ஒரு பாடம் நடத்தவும் அழைக்க வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. சின்னப் பிள்ளைகள் கையில் மணி மணியான நியோடிமியம் காந்தங்களைத் தரவே கூடாது. ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடல் சுவர்களை நடுவில் வைத்து அவை ஒன்றோடொன்று ஒட்டி, குடலையே துளைத்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். அதைப் பார்த்து வாங்குங்கள். வாய்க்குள் போகாத அளவுள்ள கறுப்பு வட்டக் காந்தமே வகுப்புக்கு ஏற்றது.

அன்றைக்கும் இன்றைக்கும் எடை போட்டால் இன்றுதான் மேல், சந்தேகமில்லை. முன்பணத்துக்குப் போன கைகள் பள்ளிக்கு வந்துவிட்டன. கை கட்டச் சொன்ன வகுப்பு, தொடலாம் என்கிறது. மீதமிருக்கும் வேலை சின்னது: ஒன்றாம் வகுப்பு முதலே இரண்டு பிள்ளைக்கு ஒரு காந்தம், வாரத்தில் ஒரு பீரியடு, தொலைந்தால் கணக்குக் கேட்க மாட்டோம் என்று தலைமை ஆசிரியருக்கு ஓர் உத்தரவு. தோல் நிறுவனங்கள் தங்கள் ஊர்ப் பள்ளிகளுக்குக் காந்தங்களும், கூர் இல்லாத மிச்சப் பொருள்களும் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தால் போதும். பழைய வேலூர் மாவட்டம் பிரிந்து உருவான மூன்று மாவட்டங்களின் கல்வி அலுவலர்களும் முதலாளிகளும் ஆசிரியர்களும் அம்மாக்களும் இந்தக் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும்.